தேசிங்குராஜன் கதைப்பாடலில் மரபுவழியும் ஆட்சியுரிமையும்

தேசிங்குராஜன் கதையைப் பற்றித் தமிழில் எழுதப்பெற்ற ஆய்வுகளுள் பெரும்பகுதி அதன் போர்க்களத்தைப் பற்றியதாகும். செஞ்சிக்கோட்டை, ஆர்க்காட்டு நவாப்பின் படை, வெள்ளம் புரண்ட ஆறு, மணப்பந்தலை விட்டு எழுந்து வந்த நண்பன், களத்தில் விழுந்த குதிரை, உடன்கட்டை ஏறிய இளம் மனைவி ஆகியவையே திரும்பத் திரும்ப எடுத்துப் பேசப்பட்டுள்ளன. வரலாற்றோடு பாடல் ஏறத்தாழ ஒத்துச் செல்லும் பகுதி அதுவே என்பதால் ஆய்வாளர்க்கு அது எளிதாயிற்று. பாடலின் முற்பகுதியோ தில்லியில் நிகழ்கிறது. வானிலிருந்து வந்ததுபோன்ற ஒரு முரட்டுக் குதிரை, அதை அடக்க இயலாமல் சிறைப்பட்ட தந்தை, அடக்கிப் பெண்ணையும் பரிசையும் பெற்ற மகன் என்று அது விரிகிறது. இப்பகுதியை நாட்டார் கற்பனை என்று ஒரு வரியில் ஒதுக்கிவிட்டுப் போருக்குச் செல்வதே ஆய்வுலகின் வழக்கமாக இருந்துவருகிறது. இக்கட்டுரை அவ்வழக்கத்திற்கு மாறாக, வரலாற்றிலிருந்து பாடல் மிகுதியும் விலகி நிற்கும் அம்முற்பகுதியிலேயே கதையின் உயிர்நிலை இருக்கிறது என்று கருதுகிறது. வரலாற்றில் தேசிங்கின் சிக்கல் வீரம் பற்றியதன்று, வாரிசுரிமை பற்றியது. அச்சிக்கலுக்குப் பாடல் தன் வழியில் ஒரு தீர்ப்பு எழுதியிருக்கிறது.

ஒரு குடியின் மரபுவழியைக் கலை எவ்வாறு மாற்றி எழுதுகிறது என்பதற்கு உருசிய இசை நாடகமான 'இளவரசன் இகோர்' நல்ல ஒப்புமையாக அமையும். வேதியியல் அறிஞரும் இசையமைப்பாளருமான அலெக்சாந்தர் பொரோதின் 1869இல் தொடங்கி, 1887இல் மறையும்வரை முடிக்காமல் விட்ட இந்நாடகத்தை ரிம்ஸ்கி-கோர்சகோவும் கிளசுனோவும் நிறைவு செய்தனர். 1890இல் பீட்டர்சுபர்க்கில் அது அரங்கேறியது. 1185இல் பொலோவ்த்சியர் என்னும் புல்வெளி நாடோடிகளின்மீது படையெடுத்துத் தோற்றுச் சிறைப்பட்ட சிற்றரசன் இகோரின் கதை அது. புறப்படும் வேளையில் சூரிய கிரகணம் தோன்றுகிறது. தடுப்பவர் சொல்லைக் கேளாமல் இகோர் செல்கிறான். மேடையில் இரு தரப்பாரும் இரு வேறு உலகினராகத் தோன்றுகின்றனர். பொலோவ்த்சியரின் ஆடலும் பாடலும் கீழைத்தேயச் சாயலில் தனித்து ஒலிக்கின்றன.

உருசிய நாளாகமங்களோ வேறொன்றைச் சொல்கின்றன. இகோரின் தந்தைக்குப் பொலோவ்த்சியத் தலைவன் ஒருவனின் மகளை மணமுடித்த செய்தி 1107ஆம் ஆண்டுக் குறிப்பில் உள்ளது. போருக்குச் சில ஆண்டுகள் முன்னர், பொலோவ்த்சியத் தலைவன் கொன்சாக்கும் இகோரும் ஒரே பக்கத்தில் நின்று போரிட்டுத் தோற்று, ஒரே படகில் ஏறித் தப்பியிருக்கின்றனர். தோல்விக்குப் பிறகு இகோரின் மகன் கொன்சாக்கின் மகளையே மணந்து திரும்புகிறான். நாடகம் இந்த மணத்தை வைத்துக்கொள்கிறது. முன்னைய உறவை ஓசையின்றி மறைத்துவிடுகிறது. பகைவர் அயலாராக இருந்தால்தான் பகை மேடையில் நிற்கும். இதில் மற்றொரு நகைமுரணும் உண்டு. பொரோதின் சார்சிய நாட்டு இளவரசக் குடியினரான லூக்கா கெதியானோவுக்குத் திருமணத்துக்குப் புறம்பே பிறந்தவர். வீட்டுப் பண்ணையடிமை ஒருவரின் மகனாகப் பதியப்பட்டு, அவருடைய குடும்பப் பெயரையே வாழ்நாள் முழுதும் தாங்கினார். இளவரசர் குடிப்பெருமையை இசையாக்கியவரின் சொந்த மரபுவழியே ஆவணத்தில் மாற்றி எழுதப்பட்டிருந்தது.

தேசிங்கின் கதையிலும் மறைப்பு உண்டு. அதன் திசைதான் வேறு.

செஞ்சியில் ஒரு பண்டேலக் குடி

மராட்டிய மன்னர் இராசாராம் தங்கியிருந்த செஞ்சிக்கோட்டை, சுல்பிகர்கான் தலைமையிலான முகலாயப் படையின் நெடிய முற்றுகைக்குப் பின் 1698இன் தொடக்கத்தில் வீழ்ந்தது. அம்முற்றுகையில் பண்டேல்கண்டுப் படைகள் பெரும்பங்கு கொண்டன. ததியா அரசர் தல்பத்ராவ் பண்டேலா அங்கிருந்தார்; அவரிடம் பணியாற்றிய பீம்சேன் எழுதிய பாரசீக நினைவுக்குறிப்பு அக்காலத்திற்கு நேர்ச்சான்றாக உள்ளது. கோட்டை முகலாயர் வசமானபின், 1700ஆம் ஆண்டளவில், பண்டேல இராசபுத்திரரான சொரூப்சிங் அதன் கில்லேதாராக ஒளரங்கசீப்பால் அமர்த்தப்பட்டார். அவருக்கு மன்சப் தகுதியும் அதற்குரிய ஜாகீரும் வழங்கப்பட்டன. இவரே தேசிங்கின் தந்தை.

சொரூப்சிங் எளிதில் வளையும் மனிதரல்லர். கடலூரின் புனித தாவீது கோட்டையிலிருந்த ஆங்கிலக் கும்பினியாரோடு 1710 முதல் அவர் நடத்திய சச்சரவும், கும்பினி அதிகாரிகள் இருவரைச் செஞ்சியில் சிறைவைத்த செய்தியும் கும்பினி ஆவணங்களில் விரிவாக இடம்பெற்றுள்ளன. ஆர்க்காட்டுக்குச் செலுத்த வேண்டிய தொகையை அவர் ஆண்டுக்கணக்கில் செலுத்தவில்லை என்றும், நிலுவை எழுபது இலட்சமாக உயர்ந்தது என்றும் மரபு கூறும். 1714இல் அவர் முதுமையால் இறந்தபோது, மகன் தேஜ்சிங் பண்டேல்கண்டிலிருந்து செஞ்சிக்கு வந்தார். தந்தைக்கு இறுதிக்கடன் செய்தார். தந்தைக்கு ஒளரங்கசீப் அளித்த பர்மானைக் கையில் வைத்துக்கொண்டு ஆட்சிப் பொறுப்பையும் ஏற்றார். தேஜ்சிங் என்னும் பெயரே தமிழ் நாவில் தேசிங்கு ஆயிற்று. ஆர்க்காட்டு நவாப் சாதத்துல்லாகான் அவ்வுரிமையை ஏற்கவில்லை. 1714 அக்டோபர் 3ஆம் நாள் நடந்த போரில் தேஜ்சிங் கொல்லப்பட்டார். அப்போது அவருக்கு வயது 22. செஞ்சியில் அவர் ஆண்ட காலம் ஏறத்தாழப் பத்து மாதம்.

நாயக்கர்கள் நூற்றைம்பது ஆண்டளவு ஆண்ட கோட்டை அது. கோட்டையைப் பிடித்துப் பெருமளவு விரிவாக்கியவர் சிவாஜி. எட்டாண்டு முற்றுகையைத் தாங்கியவர் இராசாராம். இவர்களுள் எவரையும் செஞ்சி வட்டார மக்கள் கதைப்பாடலின் நாயகராக இந்த அளவுக்குக் கொண்டாடவில்லை. பத்து மாதம் ஆண்ட, தமிழ் பேசாத ஓர் இளைஞர் மட்டும் 'செஞ்சி ராஜா' ஆனார். இது விளக்கம் வேண்டி நிற்கும் செய்தி. செஞ்சியின் வரலாற்றை 1943இல் எழுதிய சி.எஸ். சீனிவாசாச்சாரியார் கதைப்பாடலை இகழாமல் எடுத்தாண்டவர். ஆயினும் நிகழ்ச்சிகளைச் சரிபார்க்கும் சான்றாக அதைக் கொண்டாரேயன்றி, அது ஏன் அவ்வாறு பாடப்பட்டது என்னும் வினாவுக்குள் செல்லவில்லை. வரலாற்றாசிரியரின் வேலை அதுவன்று என்பதும் உண்மையே. அவ்வினா இலக்கியத் திறனாய்வுக்கு உரியது.

தேஜ்சிங்கின் வழக்கு

முகலாயர் நடைமுறையில் ஜாகீர் என்பது பணிக்கு ஈடான வருவாய் உரிமை; அது நிலத்தின்மீதான குடியுரிமை அன்று. அதைப் பெற்றவர் இறந்தால் அது அரசுக்குத் திரும்பும். அவர் மகன் விரும்பினால் புதிய ஆணை பெறவேண்டும். இதற்கு ஒரு பெரிய விலக்கு, இராசபுத்திரர் தம் தாய்நிலத்தில் வைத்திருந்த 'வதன் ஜாகீர்'. அது குடிவழியாக இறங்கும். பண்டேலர்க்கு ஓர்ச்சாவும் அதன் கிளை நாடுகளும் அத்தகையன. தேஜ்சிங் வளர்ந்த உலகில் தந்தையின் கோட்டை மகனுக்கு உரியது என்பது ஐயத்திற்கு இடமில்லாத செய்தி. அவ்வுலகின் வழக்கை அவர் செஞ்சிக்குக் கொண்டுவந்தார். செஞ்சியோ வதன் அன்று. 1707இல் ஒளரங்கசீப் இறந்தபின், 1714க்குள், பகதூர்ஷா, ஜகாந்தர்ஷா, பரூக்சியார் என மூவர் தில்லி அரியணை ஏறிவிட்டனர். பழைய பேரரசரின் பர்மான் புதிய ஆட்சியில் மீளவும் உறுதிசெய்யப்பட வேண்டியதொன்று. அந்த உறுதி தேஜ்சிங்குக்குக் கிடைக்கவில்லை.

இவ்வாறு பார்க்கும்போது நவாப்பின் கோரிக்கை சட்டப்படி வலுவுடையது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். தேஜ்சிங்கின் கையிலிருந்தது, இறந்த பேரரசர் இறந்த தந்தைக்குக் கொடுத்த தாள். பாடலைப் போற்றும் ஆய்வாளர் பலர் இதைச் சொல்லத் தயங்குகின்றனர். தயங்க வேண்டியதில்லை. பாடலைக் கட்டியவர்களே இந்த வலுவின்மையை உணர்ந்திருந்தனர் என்று கொள்ள இடமுண்டு. ஏனெனில் பாடலின் முற்பகுதி முழுதும் அக்குறையை நிரப்பும் வேலையைச் செய்கிறது.

பாடலில் தேசிங்கின் தந்தை தேரணிசிங் எனப் பெயர் பெறுகிறார். தில்லிப் பாதுசாவிடம் எவராலும் ஏறமுடியாத பாராசாரி என்னும் குதிரை இருக்கிறது. அதை அடக்க அழைக்கப்பட்ட தந்தை தோற்றுச் சிறைப்படுகிறார். வளர்ந்த மகன் தில்லி சென்று, பாதுசாவின் முன்னிலையில் குதிரையை அடக்குகிறான். தந்தை விடுதலை பெறுகிறார். குதிரை தேசிங்குக்கே பரிசாகிறது. பாதுசாவின் படைத்தலைவர் மகள் ராணிபாய் மனைவியாகிறாள். அதன்பின்னரே செஞ்சி வருகிறது.

வரலாற்றின் நிரல் இதில் தலைகீழாக்கப்பட்டிருப்பதைக் காணலாம். வரலாற்றில் தந்தை பேரரசரால் மதிக்கப்பட்டுக் கோட்டை பெற்றவர். மகன் பேரரசரின் இசைவு பெறாதவன். பாடலில் தந்தை பேரரசரிடம் தோற்றவர். மகனே பேரரசரின் கண்முன் வென்றவன். தேஜ்சிங்கின் உரிமை தந்தையிடமிருந்து இறங்கியது. தேசிங்கின் உரிமை தானே ஈட்டியது. தந்தைக்கே மகனால்தான் விடுதலை. மரபுவழியின் ஓட்டம் மகனிலிருந்து தந்தைக்குத் திரும்புகிறது. பர்மானின் இடத்தில் பாடல் குதிரையை நிறுத்தியிருக்கிறது. தாள் காலாவதியாகும், புதுப்பிக்க வேண்டும், நவாப் அதை மறுக்கலாம். பாதுசாவின் முன்னிலையில் ஏறிய குதிரையை எவரும் மறுக்க இயலாது. தேசிங்கு களத்துக்கு அதன்மீதே வருகிறான் என்பதும், குதிரை வீழ்ந்தபின் அவன் வாழ விரும்பவில்லை என்பதும் இந்நோக்கில் வீரச்சுவைக்கான அணி மட்டும் அல்ல. உரிமைச்சான்று அழிந்தபின் உரிமையாளனும் இல்லை.

பண்டேலரின் சொந்தக் குலக்கதையும் இதனோடு ஒப்புநோக்கத்தக்கது. மரபுரிமை இழந்த முன்னோன் ஒருவன் விந்தியவாசினி தேவியின் முன் தன்னைப் பலியிடத் துணிய, சிந்திய குருதித் துளியிலிருந்து அக்குடி பெயர் பெற்றது என்பது அவர்களிடையே வழங்கும் கதை. துளி என்னும் பொருளுடைய சொல்லே குலப்பெயராயிற்றாம். இழந்த உரிமையைத் தன் உடலைப் பணயம் வைத்து மீட்பது என்னும் கருத்து அங்கும் உண்டு. அக்கதை செஞ்சிப் பாணர்க்குத் தெரிந்திருந்தது என்று கொள்ளச் சான்றில்லை. உரிமை கேள்விக்குள்ளாகும்போது கதை எங்கே சான்று தேடும் என்பதற்கு இரண்டும் ஒரே திசையைக் காட்டுகின்றன என்ற அளவில் நிறுத்திக்கொள்வதே முறை.

அயலார் இருவர்

இகோர் நாடகத்தில் உறவினர் அயலாராக்கப்பட்டனர். செஞ்சியில் மோதிய இருவரும் தமிழ்நிலத்துக்கு அயலார். பாடல் அவர்களுள் ஒருவனை உறவினனாக்கிக்கொண்டது. சாதத்துல்லாகான் கொங்கணக் கரையின் நவாயத்துக் குடியினர். தேஜ்சிங் பண்டேலர். இருவரும் முகலாய ஆட்சியின் அலுவல் வழியாகவே இங்கு வந்தவர்கள். இவர்களிடையே நிகழ்ந்தது வருவாய் நிலுவையும் வாரிசுரிமையும் பற்றிய பூசல்.

தேசிங்கைத் தமிழ்நிலத்துக்கு உரியவனாக்கும் பணியைப் பாடல் சிங்கவரம் அரங்கநாதரிடம் ஒப்படைத்திருக்கிறது. போருக்கு விடைகேட்கச் சென்ற தேசிங்குக்கு இசைவளிக்காமல் பெருமாள் முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்னும் செய்தி, அக்குடைவரைத் திருமேனியின் திரும்பிய முகத்தோடு இணைத்து இன்றும் ஊரார் வாயில் வழங்குகிறது. இகோரின் கிரகணத்தைப் போலவே இதுவும் மீறப்பட்ட தீய நிமித்தம். ஆனால் கிரகணம் எல்லார்க்கும் பொது. அரங்கநாதர் செஞ்சிக்கு உரியவர். பெருமாள் ஒருவனுக்காக முகம் திருப்புகிறார் என்றால், அவன் அவருடைய குடியைச் சேர்ந்தவன் என்றாகிறது. விந்தியவாசினியின் வழியில் வந்தவன் சிங்கவரத்தின் பிள்ளையாகிவிடுகிறான். குலதெய்வ மாற்றம் என்னும் பெரிய செயலைப் பாடல் ஒரு சிறு நிகழ்ச்சியில் முடித்துவிடுகிறது.

இப்போரை இந்து - இசுலாமியர் போராகக் காட்டும் வாசிப்பு அவ்வப்போது தலைதூக்குகிறது. பாடலும் வரலாறும் அதற்கு இடந்தரவில்லை. தேசிங்கின் உயிர்த்தோழன் மோவுத்துக்காரன் இசுலாமியன். மணக்கோலத்தோடு களம் புகுந்து மாண்டவன். அவன் கல்லறையும் குதிரையின் கல்லறையும் நீலாம்பூண்டியில் காட்டப்படுகின்றன. எதிர்த்தரப்பில் நவாப்பின் சார்பாக நிற்கும் இராசா தோடர்மால் வைணவப் பற்றாளர். உடையார்பாளையத்தில் மறைத்து வைக்கப்பட்டிருந்த காஞ்சி வரதராசர் திருமேனியை 1710இல் மீண்டும் காஞ்சிக்குக் கொண்டுவர உதவியவர் அவரே. திருமலையில் அவருக்கும் அவர் குடும்பத்தார்க்கும் செப்புப் படிமங்கள் உள்ளன. செஞ்சிப் போருக்கு நான்கு ஆண்டுகளுக்கு முன் வரதரை மீட்டவர், போரில் நவாப்பின் அலுவலர். சமய வாசிப்பு இம்மனிதர் முன்னிலையில் பேச்சற்றுப் போகிறது. நவாப்பும் பாடலில் கொடியவன் அல்லன். மாண்ட இளைஞனின் உடலுக்கு உரிய மதிப்பளித்தவன். உடன்கட்டை ஏறிய ராணியின் நினைவாக ராணிப்பேட்டையை அமைத்தவன் என்றே மரபு அவனைப் பேசுகிறது.

கேட்டவர் யார்?

பர்மானை விட்டுக் குதிரையைச் சான்றாகக் கொண்ட இக்கதை யார் காதுக்காகக் கட்டப்பட்டது என்பது அடுத்த வினா. தென்னார்க்காடு, வடார்க்காடு ஆகிய நிலங்களில் பாட்டாகவும் தெருக்கூத்தாகவும், பிறகு பெரிய எழுத்துப் பதிப்பாகவும் இது பரவியது. செஞ்சி நாராயண பிள்ளை பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய கருணாடக ராஜாக்கள் சவிஸ்தார சரிதம் இதே நிகழ்ச்சியை ஆவண நடையில் சொல்கிறது. அந்நூல் கும்பினி அதிகாரியின் விருப்பத்திற்கேற்ப எழுந்தது. ஆகவே அங்கே நிலுவையும் ஆணையும் கணக்கும் முதன்மை பெறுகின்றன. தாள் வைத்திருப்போர்க்கு எழுதிய நூலுக்கும் தாளில்லாதோர் கேட்ட பாட்டுக்கும் உள்ள வேறுபாடு இது.

தாளில்லாதோர் என்பதற்கு இந்நிலத்தின் எல்லைக்கு அப்பால் சென்ற ஒரு கூட்டத்தைச் சுட்டலாம். கோலார் தங்கவயலின் தென்கோடியிலுள்ள மாரிகுப்பம் அதன் இருப்பிடம். 1802இல் எல்லை அளக்க வந்த ஜான் வாரன், மாரிகுப்பத்திலும் ஊரிகத்திலும் ஊர்மக்கள் மண்ணிலிருந்து பொன் பிரித்ததைக் கண்டு எழுதியதே அவ்வூர் ஆங்கிலப் பதிவுகளில் இடம்பெற்ற தொடக்கம். 1880 முதல் ஜான் டெய்லர் கம்பெனியின் சுரங்கங்கள் எழுந்தன. 1894இல் பௌரிங்பேட்டையிலிருந்து, அதாவது இன்றைய பங்காருபேட்டையிலிருந்து, தொடர்வண்டிப் பாதை மாரிகுப்பம்வரை வந்தது. சுரங்கத்தில் இறங்கியவருள் பெரும்பாலோர் வடார்க்காடு, சித்தூர், சேலம் பகுதிகளிலிருந்து சென்ற தமிழர். அவருள்ளும் பெரும்பாலோர் நிலமற்ற ஒடுக்கப்பட்ட மக்கள். அவர்கள் விட்டுச்சென்ற ஊர்கள் தேசிங்கு கூத்தின் தாய்நிலம். நிலுவைத் தொகை, மேலாளின் ஆணை, பட்டா இல்லாத குடியிருப்பு ஆகியவை அவர்கள் நன்கறிந்தவை. புதிய ஊரிலும் அவர்கள் குடியிருந்த 'லைன்' வீடுகள் கம்பெனிக்கு உரியவை. 2001 பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கம் மூடப்பட்டபோது, தலைமுறைகளாக வாழ்ந்த வீட்டுக்கு உரிமை எது என்னும் வினா தேஜ்சிங்கின் வினாவைப் போலவே எழுந்தது. தந்தை பணிசெய்து பெற்ற இருப்பிடம் மகனுக்கு இறங்குமா? பணிக்கு ஈடாகத் தரப்பட்டது பணி முடிந்தால் திரும்புமா?

இவர்களின் வாழ்வுதான் பாடலை உருவாக்கியது என்பது இதன் கருத்தன்று. பாடல் மாரிகுப்பத்துச் சுரங்கத்தைவிட மிகப் பழையது. ஆணையால் வந்த உரிமையைவிட உழைப்பால், உயிரால் ஈட்டிய உரிமை பெரிது என்னும் தீர்ப்பைச் சொந்தத் தீர்ப்பாகக் கேட்கக்கூடிய மக்கள் எத்தகையோர் என்பதற்கு மாரிகுப்பம் தெளிவான சான்று. அம்மக்களிடையே வழங்கும் பாட்டு, கூத்து வடிவங்களைத் திரட்டும்போது, தில்லிப் பகுதி அங்கே எவ்வளவு விரிவாகப் பாடப்படுகிறது என்பதைத் தனியே குறிப்பது பயன்தரும்.

மாரிகுப்பத்துக்கு அண்மையிலுள்ள பூதிகோட்டை மற்றொரு மரபுவழிக் கதையின் பிறப்பிடம். ஐதர் அலி பிறந்த ஊர் அது. அவர் தந்தை பத்தே முகம்மது தொடக்கத்தில் ஆர்க்காட்டு நவாப்பின் படையில் பணிசெய்தவர், கோலாரில் அடக்கமானவர். தேஜ்சிங்கை வென்ற ஆர்க்காட்டு அரசின் ஊழியத்தில் கீழ்நிலைத் தலைவராக இருந்தவரின் மகன், பர்மான் எதுவும் முன்னோர்வழி பெறாமல் மைசூரைக் கைக்கொண்டார். அவர் புகழ் உயர்ந்தபின் அரசவை வரலாற்றாசிரியர் கிர்மானி அவர் குடியை நபிகள் நாயகத்தின் குறைசிக் குலத்தோடு இணைத்து எழுதினார். வெற்றி பெற்றவனுக்கு வழிமுறை பின்னால் எழுதப்படுகிறது. தோற்றவனுக்கு அதைப் பாட்டு எழுதுகிறது. அரசவை எழுத்து குலத்தைத் தேடிச் சென்றது. தமிழ்ப் பாடல் குலத்தை ஒருபுறம் வைத்துவிட்டுக் குதிரையைத் தேடியது.

1960இல் வெளிவந்த 'ராஜா தேசிங்கு' திரைப்படம் இம்மரபுவழியில் மீண்டும் கைவைத்தது. எம்.ஜி.ஆர். அதில் தேசிங்காகவும் தாவூத்கானாகவும் இரு வேடம் ஏற்றார். ஒரே முகம் இந்து வேந்தனுக்கும் இசுலாமிய வீரனுக்கும் பொதுவாயிற்று. இகோரின் நாடகம் மறைத்த உறவை ஒத்த ஒன்றைத் தமிழ்த் திரை புதிதாகப் படைத்துக்கொண்டது என்று இதைச் சொல்லலாம். வரலாற்றில் அதற்கு ஆதாரம் இல்லை. ஆனால் மோவுத்துக்காரனைத் தேசிங்கோடு பிரிக்கவியலாமல் பிணைத்த பாடலின் போக்கிலேயே அப்படமும் சென்றது. படத்தைப் பற்றிய மதிப்புரைகள் வாட்போரையும் பாடல்களையும் பேசிய அளவுக்கு இந்த இரட்டை முகத்தைப் பேசவில்லை. கதைப்பாடல் ஆய்வில் தில்லிப் பகுதிக்கு நேர்ந்ததே இங்கும் நேர்ந்தது.

செஞ்சியில் செட்டிக்குளக் கரையில் தேசிங்கும் ராணியும் எரியூட்டப்பட்ட இடம் காட்டப்படுகிறது. அங்கு வருவோர் கேட்பது பாராசாரி எங்கே என்றே. பர்மானை எவரும் கேட்பதில்லை.